பண்ணை வெயிலில் இரண்டு கமராக்கள்: கனன் ஆர்50, சொனி இசட்வி-ஈ10

பத்து வருடங்களாக என்னிடம் இருந்த டிஎஸ்எல்ஆர் கமராவின் ஷட்டர் ஒரு கலியாண வீட்டில் நின்றுபோனது. தாலி கட்டி முடிந்த பிறகே நின்றது என்பதால் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏச்சு வாங்காமல் தப்பினேன். நான் தொழில்முறைப் படப்பிடிப்பாளன் அல்லன். உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் கூப்பிட்டால் போகிறவன். ஓய்வான நாட்களில் யாழ்ப்பாணத்தின் பண்ணையிலும் அராலியிலும் களப்போரமாக நின்று கொக்கையும் வலையையும் படம் எடுக்கிறவன். அடுத்த கமரா மிரர்லெஸ் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி இல்லாத வகை) என்று முடிவு செய்த பின்னர், என் கைக்கு எட்டும் விலையில் எஞ்சியவை இரண்டு: கனன் ஆர்50, சொனி இசட்வி-ஈ10. முன்னையதை ஸ்ரூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடமும், பின்னையதை யூடியூபில் சமையல் காணொளி போடும் மருமகனிடமும் இரவல் வாங்கி, ஒரு வாரம் இரண்டையும் ஒரே பையில் சுமந்து திரிந்தேன்.

தாளில் பார்த்தால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலவே தெரியும். இரண்டிலும் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர், 24.2 மெகாபிக்சல், 4கே காணொளி, பக்கவாட்டில் திறந்து முன்னோக்கியும் திரும்பும் தொடுதிரை, ஒரேயொரு மெமரி கார்ட் இடம். பற்றரியும் கார்டும் சேர்த்து கனன் 375 கிராம், சொனி 343 கிராம். சொனி 2021-இலும் கனன் 2023-இலும் வந்தவை. வெளிவந்த காலத்தில் கூடவே வரும் சிறிய லென்சுடன் அமெரிக்காவில் இரண்டுக்கும் விலை ஏறத்தாழ 800 டொலர். சென்சரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இரண்டிலும் இல்லை. மழைத்தூறலையும் உப்புக்காற்றையும் தாங்கும் காப்பும் இரண்டிலும் இல்லை என்பதால், கடலோரத்துக்காரர் எதை வாங்கினாலும் ஒரு மெல்லிய துணியைப் பையில் வைத்திருக்க வேண்டும். இவ்வளவு ஒற்றுமைக்கு நடுவில் என் தெரிவைத் தீர்மானித்தது ஒரேயொரு வேறுபாடுதான்: கனனில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருக்கிறது, சொனியில் அது இல்லை.

இதைக் கடையில் நின்று உணர முடியாது. குளிரூட்டிய அறைக்குள், ரியூப் லைட் வெளிச்சத்தில், இரண்டு திரைகளும் அழகாகவே தெரியும். நான் உணர்ந்தது பகல் பன்னிரண்டரை மணிக்கு, பண்ணைப் பாலத்தில். இரு புறமும் களப்பு. தண்ணீர் தகரம் போல மின்னியது. சிறகுவலைத் தடிகளின் வரிசையொன்று தூரம் வரை போய்க்கொண்டிருந்தது. சொனியின் திரையை, கடும் வெயிலுக்கென்றே அதில் உள்ள மிகக்கூடிய வெளிச்ச நிலையில் வைத்தும், அந்தத் தடிகளைவிட என் மூக்குக்கண்ணாடியின் நிழலே அதில் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் தோளில் கிடந்த சால்வையைத் தலையோடு போர்த்து, அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தது போல நின்று எடுத்தேன். அவ்வழியே சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் இறங்கி, “தம்பி, தலை சுத்துதோ?” என்று கேட்டார்.

கனனின் வியூஃபைண்டர் பெரிதன்று. 23.6 இலட்சம் புள்ளிகள் கொண்ட அதில் கண்ணாடி போட்டவர்களுக்கு மூலைகள் ஒரே பார்வையில் அகப்படுவதில்லை. ஆயினும் கண்ணை அதில் வைத்தவுடன் வெளியுலக வெயில் அறுந்துபோகிறது. தண்ணீரின் பளபளப்பு எரிந்து வெள்ளையாகிறதா, தடிகளின் நிழலில் விவரம் மிஞ்சுகிறதா என்பதை அங்கேயே கண்டு வெளிச்சத்தைக் குறைக்கலாம். கமராவை நெற்றியில் அண்டக் கொடுத்துப் பிடிப்பதால் கைநடுக்கமும் குறைகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் வெயில் நம்மை விடுவதில்லை. வெளியில் படம் எடுப்பவருக்கு இது அலங்காரமன்று.

குவியத்தைப் பொறுத்தவரை மனிதர்களின் கண்ணைப் பிடிப்பதில் இரண்டும் குறை சொல்ல முடியாதவை; நெற்றிப்பட்டமும் தலைசாமானும் கட்டிய பிள்ளையின் முகத்தைக்கூட இரண்டும் தடுமாறாமல் பிடித்தன. பறவைகளில்தான் கனன் முந்துகிறது. மனிதர், நாய், பூனை, வாகனம் என்பவற்றோடு பறவையையும் அது தனியாக அடையாளம் காணும். நண்பரின் பழைய 70–300 மில்லிமீற்றர் லென்சை மாட்டி, கரையில் நின்ற வெள்ளைக் கொக்கொன்றைக் காத்திருந்தேன்; அது எழும்பிய கணத்தில் தொடங்கி, சிறகு முழுதாக விரியும் வரை எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் கண் கூர்மையாக இருந்தது. செக்கனுக்கு 12 படங்கள் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கமரா சுருக்காத, பெரிய ரோ வடிவத்தில் எடுத்தால் சிறிது நேரத்திலேயே உள்நினைவகம் நிரம்பி வேகம் தளர்ந்துவிடும். சொனியின் விலங்குக் கண் அறியும் வசதி பறவைகளுக்கு உரியதன்று.

வீட்டுக்குள் வந்தால் தராசு மற்றப் பக்கம் சாய்கிறது. சொனியோடு வருவது 16–50 மில்லிமீற்றர், கனனோடு வருவது 18–45. சென்சரின் நுண்ணிய அளவு வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், பழைய ஃபிலிம் கமரா அளவில் சொனி 24 மில்லிமீற்றரிலும் கனன் 29 மில்லிமீற்றரிலும் தொடங்குகின்றன. எண் சிறிதானால் பார்வை விரியும். கேட்பதற்கு ஐந்து மில்லிமீற்றர்தான். கொக்குவிலில் ஒரு சாமத்திய வீட்டில், மணவறை, குத்துவிளக்கு, பிள்ளை, இரு பக்கமும் நின்ற ஆரத்திப் பெண்கள் எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க, கனனோடு பின்னால் பின்னால் போய்ச் சுவரில் முதுகு முட்டி நின்றேன். சொனியில் அதே இடத்தில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருக்கலாம். விரிந்த முனையில் சொனியின் லென்ஸ் எஃப் 3.5 வரை திறக்கும், கனனுடையது எஃப் 4.5 வரைதான்; எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். மங்கிய ஹோலில் இந்த வித்தியாசம் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்திறன் எண்ணைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்கிவிடும்.

கனனில் மேலெழும் சிறிய ஃபிளாஷ் உண்டு, சொனியில் இல்லை. ஆனால் அந்தச் சிறிய ஃபிளாஷ் மேசையருகே இருப்பவர் முகத்துக்குத்தான் போதும். கூரைக்கு அடித்து வெளிச்சத்தைப் பரப்பும் பெரிய ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்50-இன் மேற்பொருத்தியில் பழைய ஃபிளாஷ்களுக்கான தொடுமுனைகள் இல்லாததால், கனனின் சொந்தப் பழைய ஃபிளாஷ்களுக்கே ஏடி-ஈ1 என்ற இடைத்துண்டைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் தாமாக எனக்குச் சொல்லவில்லை.

காணொளிதான் உங்கள் முதல் வேலை என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. சொனி அதற்கென்றே செய்யப்பட்டது. மேலே மூன்று சிறு மைக்குகள், அவற்றின்மீது செருகும் பூனைமயிர் போன்ற காற்றுத் தடுப்பு. சோளகக் காற்று காலத்தில் பண்ணைக் கரையில் நின்று பேசியபோது, அந்த மயிர்த்தொப்பி போட்ட சொனியில் என் குரல் கேட்டது. கனனில் காற்றே பேசியது. வெளி மைக் பொருத்தும் துளை இரண்டிலும் உண்டு. பதிவாகும் ஒலியை ஹெட்போனில் கேட்கும் துளை சொனியில் மட்டுமே உண்டு. தவில் பதிவு செய்பவர்களுக்கு இது பெரிய விடயம், ஏனெனில் ஒலி உடைகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிவதைவிடக் காதால் அறிவதே நிச்சயம். கனன் ஒரு துண்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யாது. சொனியில் அந்த வரம்பு இல்லை, ஆனால் நமது வெக்கையில் 4கே பதிவை நீட்டினால் உடல் சூடேறும். மேலும், சொனியில் கமராவை வேகமாகத் திருப்பினால் தூண்கள் சாய்ந்து தெரியும். கனனும் இதிலிருந்து முற்றாகத் தப்பவில்லை.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்து மாமா கொண்டுவரும் கமரா, செக்கனுக்கு 30 சட்டங்களை அடிப்படையாகக் கொண்ட என்டிஎஸ்சி காணொளி முறையில் அமைந்திருக்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், அப்படியே எடுத்தால் கோயில் மின்விளக்குகள் காணொளியில் துடிக்கக்கூடும். பால் (PAL) என்ற காணொளி முறைக்கு மாற்றி, செக்கனுக்கு 25 சட்டங்களில், ஷட்டரை 50-இல் ஒரு செக்கனில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சொனியில் இதற்கு ஓர் ஊக்கத்தொகையும் உண்டு: 30 சட்டங்களில் 4கே எடுக்கும்போது அது படத்தின் ஓரங்களை வெட்டும், 25-இல் வெட்டுவதில்லை. யப்பானில் அந்நாட்டுச் சந்தைக்காக விற்கப்படும் சொனி கமராக்களில் யப்பானிய மொழி மட்டுமே இருக்கக்கூடும் என்பதையும், அங்கிருந்து மலிவாகத் தருவிக்க எண்ணுபவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

உத்தரவாதத்தில் நானே ஏமாறப் பார்த்தேன். நகரத்துக் கடையொன்றில் “கொம்பனி வரண்டி” என்று இரண்டு தடவை உறுதி சொன்னார்கள். பற்றுச்சீட்டைக் கேட்டபோது அதில் கடை முத்திரை மட்டுமே இருந்தது, முகவரின் அட்டையைக் காணவில்லை. கடையின் வரண்டி கெட்டதென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஏற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

லென்ஸ் விடயத்தில், புதிதாக வாங்குவதற்குச் சொனியில் தெரிவு அதிகம். அதன் ஈ-மவுண்ட் என்ற லென்ஸ் பொருத்தி 2010-இலிருந்து இருக்கிறது, மூன்றாம் தரப்பு லென்ஸ்கள் எல்லா விலையிலும் குவிந்திருக்கின்றன. கனனின் இந்தச் சிறு சென்சர்களுக்குச் சிக்மா, டம்ரோன் லென்ஸ்கள் வரத் தொடங்கியதே 2024-இல்தான். ஆனால் நான் புதிதாக வாங்குகிறவனைவிட இரவல் வாங்குகிறவன். எனக்குத் தெரிந்த கலியாணப் படப்பிடிப்பாளர்களில் அரைவாசிப் பேரின் அலுமாரியில் டிஎஸ்எல்ஆருக்கான பழைய கனன் ஈஎஃப் லென்ஸ்கள் தூங்குகின்றன. ஓர் இடைவளையம் இருந்தால் அவையெல்லாம் ஆர்50-இல் தானியங்கிக் குவியத்தோடு வேலை செய்யும்.

ஆகவே கனனை வாங்கினேன். மருமகன் தன் சொனியைத் திருப்பி வாங்கும்போது, “மாமா, நீங்கள் படம் எடுக்கிற ஆள், நான் படத்தில் நிற்கிற ஆள்” என்றான். அதற்கு மேல் நான் எழுதியதெல்லாம் விளக்கவுரைதான். இடைவளையம் கொழும்பிலிருந்து வரும் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறது. நண்பர் தமது 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்சை அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.