சாட்ஸ்வொர்த் பல் மருத்துவமனை: இரத்தக் கசிவைக் கையாண்ட விதம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள தனியார் பல் மருத்துவமனை ஒன்றில் என் தாயாருக்குக் கடைவாய்ப்பல் அகற்றப்பட்டது. அவர் இதய நோய்க்காக, இரத்தம் உறையாமலிருக்க உதவும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்பவர் என்பதால், மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறிய மருத்துவர், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் முடிவைப் பார்த்த பிறகே பல்லைத் தொட்டார்.

பல்லெடுத்த குழியில், இரத்தம் உறையத் துணைபுரியும் பஞ்சை வைத்துத் தையலிட்டு, மடித்த காஸ் துணியை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருக்கச் செய்தார். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும் என அவர் விளக்கியது எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவோ, உறிஞ்சுகுழலால் குடிக்கவோ, சூடாக எதையும் உண்ணவோ கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், பனாடோவை (பாராசிட்டமால் மாத்திரை) அளவோடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பே என்றும், மீண்டும் அழுத்திக் கடித்த பிறகும் வாய் நிறைய இரத்தம் ஊறினால் உடனே வந்துவிட வேண்டும் என்றும் தாயாரிடமே நிதானமாகச் சொன்னார்.

குறை ஒன்று உண்டு: கையில் கொடுத்தனுப்பிய காஸ் துண்டுகள் போதவில்லை. இரவில் மறுபடியும் கசிந்தபோது, சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மடித்துக் கடிக்கவைத்தே நிறுத்தினோம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்ளும் பெரியவர்களை இங்கே நம்பி அழைத்துச் செல்லலாம். காஸ் பொட்டலம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.