எதிர்பாராத 14 முட்டைகளும் ஒரு இன்குபேட்டரும்

மே 23ஆம் தேதி காலை என் வளர்ப்புப் பாம்பு மாதுளையின் ஈரப்பாசி டப்பாவைத் திறந்தேன். உள்ளே சுருண்டு கிடந்தாள். அவளுக்கு அடியில் முட்டைகள். உரித்த பூண்டைப் போல வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே குவியல். எண்ணிப் பார்த்தேன், 14.

மாதுளையும் கரியும் கார்ன் ஸ்நேக்குகள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக் காடுகளிலும் வயலோரங்களிலும் எலி பிடித்துத் திரியும் விஷமில்லாத பாம்பு. நம் சாரையின் குடும்பம்தான். இங்கிலாந்தின் ரெடிங்கில் எங்கள் வீட்டுக்கு இவை வந்து ஒரு வருடம் ஆகிறது. விற்ற கடைக்காரர், "இரண்டும் பெண். ஒன்றாகவே வளர்ந்தவை. ஒரே பெட்டியில் விடலாம்" என்றார். அதை நம்பி நான்கடி நீள மரப்பெட்டி ஒன்றை வாங்கி இரண்டையும் அதில் விட்டேன்.

அன்று மாலையே அவசரமாக ஆர்டர் செய்த இன்குபேட்டரை, அதாவது முட்டைகளை இளஞ்சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியை, பற்றித்தான் இதை எழுதுகிறேன். பாம்பு, பல்லி முட்டைகளுக்கென்றே விற்பது, சின்ன ஃப்ரிட்ஜ் போன்ற வடிவம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு. 89 பவுண்டு. ஒரே பெட்டியை வேறு வேறு பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை. 

பெட்டி வர இரண்டு நாள் ஆனது. அதுவரை என்ன செய்வது என்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் பயம். முட்டைகளைப் பிரிக்கவே கூடாது. ஒட்டிய தோல் கிழிந்துவிடும். கோழி முட்டை மாதிரி திருப்பவும் கூடாது. இட்டு ஒரு நாள் போலக் கழிந்தால் கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்கும், புரட்டினால் மூழ்கிவிடும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். குவியலை அப்படியே தூக்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஈர வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) பாதி புதைத்தேன். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடையில் சமம்: 200 கிராமுக்கு 200 கிராம். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், அதற்கு மேல் வந்தால் ஈரம் அதிகம். கொதிகலன் இருக்கும் அலமாரியில் 25 டிகிரி இருந்தது. இரண்டு நாளுக்கு அது போதும்.

இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். 12 முட்டைகளில் இளஞ்சிவப்பு வெளிச்சமும் அதில் நூல் நூலாக ரத்தநாளங்களும் தெரிந்தன. இரண்டு மட்டும் சிறியதாக, மஞ்சளாக, கெட்டியாக இருந்தன. அவை கருவில்லாதவை. ஆண் துணையே இல்லாத பெண் பாம்பும் கருவில்லா முட்டை இடும். ஆனால் ரத்தநாளம் தெரிந்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. மறுநாள் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் கரியின் வாலடியில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து ஆண் என்று உறுதி செய்தார். மாதுளையின் வயிற்றில் முட்டை ஏதும் தங்கவில்லை என்றும் தடவிப் பார்த்துச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அவளுக்கு நான்கு வயது, எடை 420 கிராம். மூன்று வயதும் 300 கிராமும் தாண்டாத பெண்ணை ஆணோடு விட்டிருந்தால் முட்டை அடைத்துக்கொண்டு செத்தே போயிருக்கலாம். கடையில் கேட்டபோது "சில சமயம் தப்பாகிவிடும்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்கு நான் மதிப்பெண் எதுவும் கொடுக்கவில்லை.

சரி, இன்குபேட்டர். இதில் நல்லது, சூடாக்குவதோடு குளிரவைக்கவும் செய்கிறது. இங்கிலாந்தில் அது எதற்கு என்று கேட்கலாம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்தது. இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் ஏசி கிடையாது. இந்த முட்டைகளுக்கு வேண்டியது 26 முதல் 29 டிகிரி வரை. 32ஐத் தாண்டிக்கொண்டே போனால் கரு செத்துவிடும், அல்லது முதுகெலும்பு வளைந்த குட்டி வரும். சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி அன்று என்ன செய்யும்? மாடியறை 31 டிகிரி வரை போன ஒரு ஜூன் வாரத்தில் இந்தப் பெட்டி 28ஐ விடவில்லை. அந்த ஒரு வாரத்துக்கே 89 பவுண்டு தகும்.

ஆனால் திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். 28.0 என்று காட்டியபோது முட்டை டப்பாவுக்குள் நான் வைத்த தனி வெப்பமானி 29.4 காட்டியது. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு டிகிரி வித்தியாசம். மின்விசிறி சின்னது, காற்று கீழே சரியாக இறங்குவதில்லை. நான் திரையில் 26.8 வைத்து, முட்டைகளைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி, இரண்டு மூலைகளிலும் தண்ணீர் பாட்டில் வைத்த பிறகுதான் 28இல் நிலைத்தது. பாட்டில் தண்ணீர் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கதவைத் திறந்தாலும் சட்டென்று இறங்காது. இந்த விஷயம் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. வெப்பம் எல்லை மீறினால் ஒலிக்கும் மணியும் இல்லை. டப்பா மூடியில் வியர்த்து முட்டைமேல் சொட்டுவது இன்னொரு தொல்லை. மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்தேன், நீர் ஓரமாக வழிந்தது. என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை.

இன்குபேட்டரை இரண்டாவது மாடியிலும் பாம்புகளைத் தனித்தனிப் பெட்டிகளிலும் வைத்தாயிற்று. பிரித்த பிறகுதான் எவ்வளவு தவறவிட்டிருக்கிறேன் என்று புரிந்தது. இரண்டும் எப்போதும் ஒரே மரப்பட்டைக்கு அடியில் பின்னிக் கிடக்கும். பாசம் என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெட்டியில் சூடான மூலை ஒன்றுதான், அதற்கு இருவரும் போட்டி போட்டிருக்கிறார்கள். நாகர்கோவிலில் என் சின்ன வயதில் நல்லபாம்பும் சாரையும் பிணைவதாகச் சொல்லி ஊரே கூடி நின்று பார்க்கும். அது இரண்டு ஆண் சாரைகள் சண்டை போடுவது என்று பிறகுதான் படித்தேன். கார்ன் ஸ்நேக் தனியாகவே வாழும் பிராணி. சேர்த்து வைத்தால் யார் சாப்பிட்டதைக் கக்கினார், யாருக்கு வயிறு கெட்டது என்று தெரியாது. ஒரே எலியை இரண்டும் இரு முனையில் பிடித்தால் ஒன்று மற்றதையே விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. மே மாதம் மாதுளை சாப்பிட மறுத்தது, பின்வயிறு பருத்தது, சட்டை உரித்தது எல்லாமே முட்டைக்கு முன் வரும் அறிகுறிகள். மலச்சிக்கல் என்று நினைத்துவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கரு வளராதபடி முட்டைகளை இட்ட உடனேயே உறையவைத்துவிடும் பழக்கம் வளர்ப்பவர்களிடம் உண்டு, அதையும் யோசிக்கிறேன் என்றேன். அம்மா வாரந்தவறாமல் நாகராஜா கோயிலுக்குப் பால் கொண்டுபோகிறவள். "மக்களே, தூரப் போட்டுராதே. வந்தது வந்தாச்சு, பார்த்துக்கிடு" என்றாள். 12 குட்டிகளுக்கும் வீடு கிடைக்குமா என்று ஒரு வாரம் விசாரித்து, கிடைக்கும் என்று தெரிந்த பிறகு வைத்துக்கொண்டேன். இங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பிராணிகளை விற்கக் கூடாது என்பது சட்டம். நானும் கேட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஜூலை 23, 61ஆம் நாள், முதல் முட்டையின் தோலில் கத்தியால் கீறியது போல ஒரு பிளவு. மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் கீறிவிட்டு, தலையை மட்டும் வெளியே வைத்து ஒன்றரை நாள் அப்படியே கிடந்தது. மிச்ச மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்கும்வரை இழுக்கக் கூடாது. என் மகன் கதவுக் கண்ணாடி முன்னால் பாய் விரித்துப் படுத்துவிட்டான். 11 குட்டிகள் வந்தன. ஒன்று முழுதாக வளர்ந்தும் முட்டைக்குள்ளேயே இறந்திருந்தது. அம்மா செம்மஞ்சள், அப்பா சாம்பல் கறுப்பு. குட்டிகள் எல்லாம் காட்டுப் பாம்பின் நிறம்: பழுப்பில் செங்கல் நிறத் திட்டுகள். பெற்றோரின் நிறங்கள் இரண்டும் வெவ்வேறு ஒடுங்கு பண்புகள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் என்பதால் இப்படி. ஒவ்வொன்றும் தனி டப்பாவில், முதல் சட்டை உரித்த பிறகே முதல் எலிக்குஞ்சு. மூன்று குட்டிகள் நான்காவது தடவைதான் வாய் வைத்தன.

இதற்கிடையில் ஜூலை 14 அன்று மாதுளை மறுபடி எட்டு முட்டை இட்டாள். கரியைப் பிரித்து ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெண் பாம்பு விந்தை உடம்பிலேயே சேமித்து வைக்கும். ஒரே பருவத்தில் இரண்டு முறை இடுவதும் உண்டு. ஒன்பது நாள் இரண்டு டப்பாக்களும் கீழ்த் தட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. பெட்டியின் கொள்ளளவு அவ்வளவுதான், மூன்றாவது டப்பா நுழையாது. எட்டில் ஆறு நன்றாக இருக்கின்றன. இன்று 45ஆம் நாள், டப்பாவுக்குள் 28.1.