பள்ளி பிளேஆஃபுக்குக் கல்லூரி ஸ்டேடியம்: எது கொடுத்த காசுக்குத் தகும்?

நவம்பர் பிறந்தால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்து பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்றுகள்) சூடுபிடிக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறோம். முதல் சுற்றுகள் பெரும்பாலும் பள்ளிகளின் சொந்த மைதானங்களிலேயே முடிந்துவிடும். அரையிறுதி, இறுதி என்று நெருங்கும்போது பல மாநிலங்களின் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் கல்லூரி ஸ்டேடியத்தை வாடகைக்கு எடுக்கின்றன. அந்த வாடகைக்கு ஆட்டக்காரருக்கும் பார்க்க வருபவருக்கும் என்ன கிடைக்கிறது என்பதே இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 10,000 முதல் 20,000 பேர் வரை உட்காரக்கூடிய நடுத்தரக் கல்லூரி ஸ்டேடியம்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். முக்கால் லட்சம், ஒரு லட்சம் இருக்கைகள் கொண்டவற்றில் பெருமை கிடைக்கும், ஆட்டத்தின் உயிர் கிடைக்காது. ஆனால் ஸ்டேடியம் சிறியதோ பெரியதோ, தரையில் உள்ள கோடுகளும் கோல் போஸ்ட்டும் பள்ளி அளவில் இல்லையென்றால் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கோடுகளில் அப்படி என்ன இருக்கிறது? மைதானத்தின் நீள அகலம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒன்றுதான்: 100 யார்டு ஆடுகளம், இரு முனையிலும் புள்ளி எடுக்கும் 10 யார்டு எண்ட் ஸோன், அகலம் 160 அடி. வேறுபாடு நடுவில் ஓடும் ஹாஷ் கோடுகளில்; ஓரத்தில் ஆட்டம் நின்றால் அடுத்து பந்தை எங்கே வைப்பது என்று காட்டும் சிறு கோட்டு வரிசைகள் இவை. பள்ளி விதிப்படி அவை பக்கக் கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலத்தில் இருந்து, அகலத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கின்றன. கல்லூரியிலோ பக்கக் கோட்டிலிருந்து 60 அடி. இரண்டு வரிசைக்கும் இடையே 40 அடிதான். கோல் போஸ்ட்டின் இரு கம்பங்களுக்கு நடுவே பள்ளியில் 23 அடி 4 அங்குலம், கல்லூரியில் 18 அடி 6 அங்குலம். குறுக்குக் கம்பியின் உயரம் மட்டும் இரண்டிலும் 10 அடி.

இதில் பாதியை மட்டும் மாற்றினால் அடிவாங்குவது உதைப்பவர். பள்ளி ஹாஷ் கோட்டிலிருந்து 30 யார்டு தூரத்து ஃபீல்ட் கோலை (பந்தைப் போஸ்ட்டுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பதை) எடுத்துக்கொள்வோம். பள்ளி அளவு போஸ்ட் இருந்தால் அவருக்குத் தெரியும் திறப்பு ஏறத்தாழ 13.6 பாகை. போஸ்ட்டை மாற்றாமல் கல்லூரி அளவிலேயே விட்டால் அது 10.8 பாகையாகச் சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கு பறிபோகிறது. ஆண்டு முழுக்க அகலமான போஸ்ட்டில் பழகிய 17 வயதுப் பையனுக்கு, அவன் ஆட்ட வாழ்க்கையின் மிக முக்கியமான உதையில் இது நேர்வது நியாயமே இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே 'கோல் போஸ்ட் மாற்றித் தரப்படும்' என்ற வரியைக் கேட்டு வாங்க வேண்டும். கழற்றி மாட்டும் அடித்தளம் இருக்கும் ஸ்டேடியத்தில் அது நடக்கும். கம்பம் கான்கிரீட்டில் நிரந்தரமாக நிற்கும் இடத்தில் நடக்காது. அது முன்பே தெரிந்தால் இரு பயிற்சியாளர்களுக்கும் சொல்லி, ஒரு வாரம் முன்னதாகவே குறுகிய போஸ்ட்டில் பழக விடலாம்.

ஹாஷ் கோட்டு வேலை இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு ஐந்து யார்டு இடைவெளியிலும் நான்கு சிறு கோடுகள் என்று வரிசைக்கு 80, இரு வரிசைக்கும் சேர்த்து 160. ஒவ்வொன்றும் 24 அங்குல நீளம். செயற்கைத் தரையில் கல்லூரிக் கோடுகள் நாரோடு நாராகத் தைக்கப்பட்டிருப்பதால் அவற்றை அழிக்க முடியாது. எனவே பள்ளிக் கோடுகளை வேறு நிறத்தில், பின்னால் கழுவி எடுக்கக்கூடிய பெயிண்டில் போடுவார்கள். இங்கே வழக்கமாக நேரும் தவறு, அதையும் வெள்ளையிலேயே போட்டுவிடுவது. நான்கு வரிசை வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் நடுவர் அவசரத்தில் பந்தை உள் வரிசையில் வைத்துவிடுவார். அடுத்த டவுனில், அதாவது அடுத்த ஆட்ட முயற்சியில்தான் யாராவது கவனிப்பார்கள். இன்னொரு தவறு, முந்தின நாள் மாலை குளிரில் அடித்த பெயிண்ட் காயாமல் காலை ஆட்டத்தில் சட்டையெல்லாம் ஒட்டிக்கொள்வது. குறைந்தது இரண்டு நாள் முன்னதாக, வெயில் இருக்கும்போது அடித்துவிடுவது உத்தமம். இரண்டு வகைக் கோடுகளையும் வெவ்வேறு நிறத்தில் நிரந்தரமாகவே தைத்து வைத்திருக்கும் ஸ்டேடியம் கிடைத்தால் கூடுதல் வாடகை கொடுத்தும் எடுக்கலாம்.

மைதானம் சரியானாலும் கடிகாரம் காலை வாரிவிடலாம். கல்லூரி ஸ்டேடியத்தின் ஸ்கோர்போர்டை இயக்குபவர் கல்லூரி விதியில் ஊறியவர். 2023 முதல் கல்லூரி ஆட்டத்தில், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் தவிர, ஃபர்ஸ்ட் டவுன் (10 யார்டு முன்னேறியதற்குப் புதிதாக நான்கு முயற்சிகள்) கிடைத்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளி ஆட்டத்தில் அப்போது நிறுத்திவிட்டு, நடுவர் 'தயார்' என்று சைகை காட்டிய பிறகே ஓட விட வேண்டும். பழக்கதோஷத்தில் ஐந்தாறு விநாடி ஓடிவிட்டால் அதைத் திரும்பப் போடுவதற்குள் ஆட்டத்தின் ஓட்டமே கெட்டுவிடும். குவார்ட்டர் எனும் ஆட்டத்தின் கால் பகுதி, கல்லூரியைப் போல 15 அல்ல, 12 நிமிடம். இடைவேளை 15 நிமிடம், அதன் பின் 3 நிமிட உடற்சூடு. கிக்ஆஃப் எனும் தொடக்க உதை 35இலிருந்து அல்ல, 40 யார்டு கோட்டிலிருந்து. ஆகவே கடிகாரத்துக்கு மட்டுமாவது மாநிலச் சங்கம் தன் ஆளை உட்கார வைக்க வேண்டும். டெக்சஸ் இதற்கு விலக்கு. அங்குள்ள அரசுப் பள்ளிகள் கல்லூரி விதிப் புத்தகத்தையே சில திருத்தங்களோடு பின்பற்றுகின்றன.

இனி இடங்களுக்கு வருவோம்.

அயோவா மாநிலம் சீடர் ஃபால்ஸில் உள்ள யூஎன்ஐ டோம் எங்கள் பட்டியலில் முதலிடம். வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் இந்த மூடிய அரங்கம் 1976இல் திறக்கப்பட்டது. சுமார் 16,000 இருக்கைகள். அயோவா சங்கம் இறுதியை மட்டுமல்ல, அரையிறுதிகளையும் இங்கேயே வைக்கிறது. நவம்பர் நடுவில் வெளியே பனிக்காற்று வீசினாலும் உள்ளே பந்து காய்ந்தே இருக்கும். பாஸ் ஆட்டத்தை நம்பி வந்த அணி வானிலையால் தோற்காது. நாளெல்லாம் அடுத்தடுத்து ஆட்டம் வைத்தாலும் தரை சேறாகாது. 6,000 பேர் வந்தாலே கூரைக்குக் கீழ் சத்தம் காதைப் பிளக்கும். அதுவே ஒரு குறையும்தான்: ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கின் குரல் வரிசையின் ஓரத்தில் நிற்பவருக்குக் கேட்காது. கை சைகையில் ஆட்டத்தை அழைக்கப் பழகாத அணிகள் முதல் குவார்ட்டரில் தடுமாறும்.

இரண்டாவது, இலினாய் மாநிலம் நார்மலில் உள்ள ஹேன்காக் ஸ்டேடியம். இலினாய் இறுதிப் போட்டிகளின் பயணமே ஒரு பாடம். 1974 முதல் 1998 வரை இங்கேதான் நடந்தன. 1999இல் 60,000 பேர் அமரும் ஷாம்பெய்ன் மெமோரியல் ஸ்டேடியத்துக்குப் போயின. பிக் டென் எனும் கல்லூரி லீக்கின் அட்டவணையில் நவம்பர் இறுதியின் நன்றியறிதல் நாள் வாரத்தில் அந்த ஸ்டேடியத்தின் பல்கலைக்கழகத்துக்கே சொந்த மைதான ஆட்டம் விழத் தொடங்கியதால், 2013 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் வடக்கே டீகால்புக்கு மாறின. மாநிலத்தின் தென்கோடிப் பள்ளிகளுக்கு அது ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம். 2023இல் மீண்டும் நார்மலுக்கே திரும்பின. 13,000 சொச்சம் இருக்கைகள், மாநிலத்தின் நடுப்பகுதி, இரு பக்கமும் நிரம்பிய கூட்டம். வெள்ளி நான்கு, சனி நான்கு என்று பள்ளி அளவை வைத்துப் பிரித்த எட்டு வகுப்புகளுக்கும் காலை 10, மதியம் 1, மாலை 4, இரவு 7 மணிக்கு ஆட்டம். குளிரிலிருந்து தப்ப வழியில்லை என்பதைத் தவிர இந்த இடத்தின் மீது எங்களுக்கு மனக்குறை இல்லை.

விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் உள்ள கேம்ப் ராண்டல் ஸ்டேடியம் 1982 முதல் மாநில இறுதிகளின் வீடு. மாடிசனுக்குப் போவது அங்குள்ள சிற்றூர்ப் பையன்களுக்குக் கனவு. அந்த உணர்வை இருக்கை எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஆனாலும் 75,000க்கு மேல் இருக்கை உள்ள கிண்ணத்தில் ஒரு சிற்றூர் முழுவதும் வந்து உட்கார்ந்தாலும் ஒரு மூலைதான் நிறையும். ஒஹையோ இதை உணர்ந்துதான் மாறியது என்று சொல்லத் தோன்றுகிறது: 2014 முதல் 2016 வரை லட்சம் பேர் அமரும் ஒஹையோ ஸ்டேடியத்தில் இறுதிகளை வைத்துப் பார்த்துவிட்டு, 2017இல் அதைவிடப் பல மடங்கு சிறிய கான்டன் மைதானத்துக்குப் போய்விட்டது.

அலபாமாவின் மாநில இறுதிகளான 'சூப்பர் 7' வேறு வகைச் சிக்கல். 2009 முதல் (அப்போது பெயர் 'சூப்பர் 6') டஸ்கலூசாவின் பிரையன்ட்-டென்னி, ஆபர்னின் ஜோர்டன்-ஹேர் என்று மாறி மாறி நடந்தது. 2021 முதல் பர்மிங்ஹாமும் சேர்ந்துகொண்டது. முதல் இரண்டும் இயற்கைப் புல். டிசம்பர் தொடக்கத்தில் புல் வளர்ச்சி நின்றிருக்கும். மூன்று நாளில் ஏழு ஆட்டம் என்றால் 20 யார்டு கோடுகளுக்கு இடையே நடுப்பகுதி கிழிந்து பெயர்ந்துவிடும். முதல் நாள் ஆடும் அணிக்கும் கடைசி நாள் ஆடும் அணிக்கும் ஒரே தரை கிடைக்காது. புல் மைதானத்தில் ஒரு நாளுக்கு மூன்று ஆட்டத்துக்கு மேல் வைக்கவே கூடாது. மழை பெய்தால் அதிலும் ஒன்றைக் குறைக்க வேண்டும்.

மூன்று மணி நேர இடைவெளியில் ஆட்டம் வைப்பதில் உள்ள கணக்கு இது: ஆட்டம் சுமார் இரண்டேகால் மணி முதல் இரண்டரை மணி நேரம். கோப்பை வழங்க 15 நிமிடம். மீதி கால் மணி முதல் அரை மணிக்குள் அடுத்த அணிகள் உடற்பயிற்சி முடிக்க வேண்டும். கூடுதல் நேர ஆட்டம் வந்தால் அந்த நேரமும் போய்விடும். அதனால் பக்கத்தில் இன்னொரு பயிற்சி மைதானம் உண்டா என்பது இருக்கை எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி. லாக்கர் ரூம் குறைந்தது நான்கு வேண்டும்: இரண்டு ஆடும் அணிகளுக்கு, இரண்டு காத்திருக்கும் அணிகளுக்கு. இரண்டே இருந்தால், தோற்று அழுதுகொண்டிருக்கும் பையன்களை அவசரமாக வெளியேற்ற நேரும். அதைப் பார்ப்பதே வேதனை.

இடைவேளையில் வாசித்து அணிவகுக்கும் பேண்ட் குழுவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய தாள வாத்தியங்கள் சக்கர வண்டியில் வரும். சுரங்கப் பாதையின் அகலத்தை அளந்து முன்பே அனுப்பாவிட்டால் வாசலில் சிக்கிக்கொண்டு, இடைவேளையின் 15 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும்.

மருத்துவ ஏற்பாட்டில் ஒரே ஒரு கேள்வியைத் தவறவிடக் கூடாது: கழுத்தில் அடிபட்டவரைத் தூக்க உத்தரவிடுவது யார், பல்கலைக்கழக மருத்துவக் குழுவா, பள்ளியின் பயிற்றுநரா? ஆட்டத்துக்கு முன் இரு தரப்பும் நடுவரும் ஐந்து நிமிடம் நின்று பேசி, ஆம்புலன்ஸ் எந்த வாயில் வழியாக வரும் என்பதுவரை முடிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய ஸ்டேடியத்தில் தவறான வாயிலுக்கு வந்த வண்டி சுற்றி வருவதற்குள் பல நிமிடம் வீணாகும்.

பணத்தில், 'வாடகை இலவசம்' என்று சொல்லும் ஸ்டேடியத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். துப்புரவு, காவல், விளக்கு, பெரிய திரையை இயக்கும் குழு, பெயிண்ட், டிக்கெட் ஊழியர் என்று ஒவ்வொன்றும் தனிப் பில்லாக வரும். பார்க்கிங் வருமானம் யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். மேல் தளத்தை முழுவதும் மூடி, கீழ்த்தளத்தின் இரு பக்கங்களை மட்டும் திறந்தால் காவலும் துப்புரவும் கணிசமாகக் குறையும். கூட்டமும் நெருங்கி உட்கார்ந்து சத்தம் கூடும். பள்ளி மைதானத்தில் அணிக்கு நிதி திரட்டும் பூஸ்டர் கிளப் பெற்றோர்கள் ஹாட் சாக்லேட் விற்றுச் சீருடைக்குக் காசு சேர்ப்பார்கள். கல்லூரியில் உணவு விற்பனை ஒப்பந்ததாரர் கையில் இருப்பதால் அந்த வருமானம் அப்படியே நின்றுபோகும். ஒரு கடையையாவது அவர்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இந்தக் காரணத்தாலேயே முதல் இரண்டு சுற்றுகளுக்குக் கல்லூரி ஸ்டேடியம் வேண்டாம் என்போம். டெக்சஸ் முறை கவனிக்கத்தக்கது: இரு பயிற்சியாளர்களும் பேசி நடுநிலை இடத்துக்கு ஒப்புக்கொள்ளலாம், ஒத்துவராவிட்டால் நாணயம் சுண்டி யார் ஊரில் ஆட்டம் என்று முடிவு செய்வார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சிறு கல்லூரி இருந்தால் அது இருவருக்கும் நல்லது. இல்லாவிட்டால் பள்ளி மைதானமே மேல்.

பிள்ளையின் ஆட்டத்தையோ பேண்ட்டையோ பார்க்கப் போகும் குடும்பங்கள் டிக்கெட்டைப் போனில் முன்பே தரவிறக்கிக்கொள்வது நல்லது. கூட்டம் சேர்ந்தால் வாயிலருகே நெட்வொர்க் திணறும். உள்ளே தெரியும் ஒளிபுகு பைதான் பெரும்பாலான கல்லூரிகளில் அனுமதி. பல கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும். அலுமினியப் பலகை இருக்கை குளிரை அப்படியே உடம்பில் ஏற்றும் என்பதால் ஆளுக்கொரு மெத்தையும் காலுக்கடியில் போட ஓர் அட்டைத் துண்டும் கொண்டுபோக வேண்டும். முதல் பத்து வரிசைகளில் உட்கார்ந்தால் நிற்கும் வீரர்களின் முதுகு மறைக்கும். 20ஆம் வரிசைக்கு மேல், 30 யார்டு கோட்டுக்கு நேராக இடம் பிடித்தால் ஆட்டமும் பேண்ட் அணிவகுப்பின் வடிவமும் இரண்டுமே தெளிவாகத் தெரியும்.