கைவிடப்பட்ட ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டு எட்டு மாதம்

என் பழைய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டன் உண்டு. எப்போது அழுத்தினாலும் "நீங்கள் வைத்திருப்பதுதான் புதிய பதிப்பு" என்றே வரும், நானும் நிம்மதியாக மூடிவிடுவேன். ஒருநாள்தான் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது: 2018. அதுதான் கடைசிப் பதிப்பு என்பது உண்மைதான், அதற்கப்புறம் அந்த நிறுவனம் அந்த மாடலுக்கு எதையுமே வெளியிடவில்லை, கைவிட்டுவிட்டோம் என்று எங்கேயும் சொல்லவும் இல்லை. இதில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2021 ஜனவரியில் பல ரவுட்டர்களுக்குள் இருக்கும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளில் ஏழு பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன, அதே ஆண்டு மே மாதம் வைஃபை நெறிமுறையிலேயே ஃபிராக் அட்டாக்ஸ் என்ற பிரச்சினைகள் வெளியாயின. 2018-இல் நின்றுபோன பெட்டிக்கு இவை எதற்குமே மருந்து வந்திருக்காது. வீட்டின் போன், லேப்டாப், டிவி, கேமரா எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகின்றன.

புதிது வாங்குவதற்கு முன்னால் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நிறுவனம் போட்டுத் தந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றுவதற்கு, ரவுட்டருக்கென்றே செய்யப்பட்ட லினக்ஸ் இயங்குதளம் இது, இலவசம். லிங்க்சிஸ் நிறுவனம் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரலை வெளியிட்டதிலிருந்து 2004-இல் தொடங்கிய திட்டம், பெயரே அந்த மாடலிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ரவுட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2, வி3 என்று வரும், உள்ளே சிப்பே வேறாக இருக்கும், தப்பான கோப்பை ஏற்றினால் பெட்டி எழுந்திருக்காது. திட்டத்தின் தளத்தில் மாடலைத் தட்டினால் சரியான கோப்பு கிடைக்கும், கூடவே கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் தருவார்கள், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிராட்காம் நிறுவனத்தின் சிப் உள்ள பலவற்றில் வைஃபை சரியாக வேலை செய்யாது. 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பிடம்), 32 எம்பி ராம் உள்ளவற்றுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்பு வரிசையோடு ஆதரவு முடிந்துவிட்டது. என்னுடையது இரண்டிலும் தப்பித்தது, ஏற்றிமுடிக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏற்றியதும் வைஃபை காணவில்லை என்று பதற வேண்டாம். என் பெட்டியில் அது அணைந்தேதான் வந்தது, கேபிள் போட்டு உள்ளே போய் நாம்தான் பாஸ்வேர்டு வைத்து ஆன் செய்ய வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் நிர்வாகக் கணக்குக்கும் பாஸ்வேர்டு இல்லாமல்தான் வருகிறது, மேலே ஒரு எச்சரிக்கை காட்டுகிறது, அவ்வளவுதான். அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் இருப்பார்கள். முதல் வேலையாக அதை வையுங்கள், வைஃபை பாஸ்வேர்டையே இதற்கும் வைக்காதீர்கள்.

வைஃபை பாஸ்வேர்டைத் தட்டாமல் ஒரு பட்டனாலோ எட்டு இலக்க பின் எண்ணாலோ கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் தொல்லை ஒழிந்தது பெரிய நிம்மதி. பழைய மென்பொருளில் அதை அணைத்துச் சேமிப்பேன், மின்சாரம் போய் வந்தால் மறுபடி ஆன் ஆகியிருக்கும். அந்த எட்டு இலக்க பின் பார்க்கத்தான் பெரிது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம், மீதி ஏழையும் ரவுட்டர் நான்கு, மூன்று என்று தனித்தனியாகச் சோதித்துப் பதில் சொல்லிவிடும், அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம். இது 2011-இலேயே தெரிந்த விஷயம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் நாமாகச் சேர்த்தால்தான் டபிள்யூபிஎஸ் வரும். உள்ளிருக்கும் எந்தக் கருவியும் கேட்டவுடன் வெளியுலகுக்குக் கதவைத் திறந்துவிடும் யூபிஎன்பியும் அப்படியே.

அப்புறம் டபிள்யூபிஏ3, அதாவது வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறைக்கு அடுத்து வந்த புதிய முறை. பழைய பெட்டியிலேயே அது வேலை செய்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம். டபிள்யூபிஏ2, 3 கலந்த முறையில் வைத்தேன், போனும் லேப்டாப்பும் உடனே சேர்ந்துகொண்டன, பிரிண்டர் மட்டும் சேரவே இல்லை.

அந்த பிரிண்டர், டிவி, கேமராவுக்காகவே தனி நெட்வொர்க் ஒன்று போட்டேன், டபிள்யூபிஏ2 மட்டும். அங்கிருந்து இணையத்துக்குப் போகலாம், என் லேப்டாப்பையோ ரவுட்டரையோ தொட முடியாது. அச்சடிக்க மட்டும் லேப்டாப் பக்கத்திலிருந்து அங்கே போக வழி விட்டிருக்கிறேன். இதைச் செய்ய எனக்கு முழு சாயங்காலமும் போனது. புது நெட்வொர்க் இடைமுகம், எதை உள்ளே விடுவது எதைத் தடுப்பது என்று அதற்கொரு ஃபயர்வால் மண்டலம், அதிலிருந்து ரவுட்டருக்கு வருவதையெல்லாம் தடுப்பது என்று எல்லாம் செய்த பிறகும் எந்தக் கருவிக்கும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. தடுத்ததில் முகவரி கொடுக்கும் டிஎச்சிபிக்கான 67, தளப் பெயரை ஐபி முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்ஸுக்கான 53 என்ற இரண்டு போர்ட்டும் சேர்ந்து அடைபட்டிருந்தன. அவற்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்ததும் சரியாகிவிட்டது. சாதாரண ரவுட்டர்களில் "கெஸ்ட்" என்று ஒரே பட்டனில் வருகிற வசதி இது, இங்கே இவ்வளவு கஷ்டமாக இருக்கக் கூடாது.

இன்னொரு குறை, அப்டேட் தானாக ஏறாது. புதிய பதிப்பு வந்ததா என்று நாம்தான் பார்த்து ஏற்ற வேண்டும். அமைப்புகள் அப்படியே இருக்கும், ஆனால் சாதாரண முறையில் ஏற்றினால் நாம் கூடுதலாகப் போட்ட மென்பொருள்கள் போய்விடும், அவற்றையும் சேர்த்தே புதுக் கோப்பு தயாரித்துத் தரும் வசதி தனியாக இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எட்டு மாதத்தில் மூன்று முறை ஏற்றினேன், மூன்றும் ஐந்து நிமிட வேலை. வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ரவுட்டர் பக்கத்தையே திறந்து பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் இருக்கிற மென்பொருளிலேயே நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு, அந்தப் பதிப்பின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். நான்கைந்து ஆண்டுக்கு முந்தையது என்றால் பட்டன் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், பெட்டியை மாற்றிவிடுங்கள்.