எந்த டீச்சருக்குச் சம்பளம் அதிகம்? குமரியிலிருந்து ஒரு கணக்கு

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்சி. வாங்குகிற சம்பளத்துக்கு மேல் பிழிந்தெடுக்கிறார்கள் என்று இன்னொரு கட்சி. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பேச்சு கிளம்பாத கல்யாண வீடு குறைவு. சொந்தத்தில் ஒரு டீச்சரோ சாரோ இருப்பது இங்கே சாதாரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. படித்தவர்கள் அதிகம், அதனால் பி.எட். முடித்தவர்களும் அதிகம், போஸ்டிங்குக்குக் காத்திருப்பவர்களும் அதிகம்.

இரண்டு கட்சிக்காரர்களும் 'ஆசிரியர் சம்பளம்' என்று ஒரே தொகை இருப்பதுபோலப் பேசுகிறார்கள். உண்மையில் ஒரே வளாகத்தில், ஒரே மணிக்கு வகுப்புக்குள் போகிறவர்களில் ஒருவர் எண்பதாயிரத்தைத் தாண்டியிருப்பார், பக்கத்து வகுப்பில் இருப்பவர் அதில் பாதியைத் தொட்டிருக்க மாட்டார், ஓவியம் சொல்லித் தருபவர் 2025 கணக்குப்படி 12,500 ரூபாயோடு வீட்டுக்குப் போவார். அதனால் ஒவ்வொரு வகையாகப் பிரித்து, அக்கம்பக்கத்தில் அதே வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று வைத்துப் பார்ப்பதுதான் சரி.

இடைநிலை, பட்டதாரி, முதுகலை

2017 அக்டோபரில் கைக்கு வந்த ஏழாவது ஊதியக்குழு அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். உயர்நிலைப் பள்ளியில் எடுக்கும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு 36,900. பட்டதாரிக்கும் முதுகலைக்கும் வித்தியாசம் வெறும் 500 ரூபாய். இடைநிலைக்கும் பட்டதாரிக்கும் நடுவே 15,800 ரூபாய்.

2025 ஜனவரி முதல் கணக்கிட்ட 55 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் புதிதாகச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு 31,930, பட்டதாரி ஆசிரியருக்கு 56,420 வரும். வீட்டு வாடகைப்படி தனி. பிடித்தங்களும் தனி.

பட்டதாரி ஆசிரியரைப் பொறுத்தவரை என் தீர்ப்பு எளிது: இது நல்ல சம்பளம். நாகர்கோவிலில் வாடகை கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாதக் கடைசியில் கடன் கேட்காமல் வாழலாம். ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டில் கௌரவமான இடத்துக்குக் கொண்டுபோய்விடும். இவர்களுக்காகக் கொடிபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இடைநிலை ஆசிரியர் விஷயம் அப்படியல்ல. பள்ளிக்கூடத்திலேயே கஷ்டமான வேலை அவருடையது. எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளைக்கு எழுத்தைப் பழக்க வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். பேச்சிப்பாறை மலையில் காணி பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகள், கடற்கரை ஊரில் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் நாள்கணக்கில் திரும்பாத வீட்டுப் பிள்ளைகள் என்று வகுப்புக்கு வகுப்பு நிலைமையே வேறு. இவ்வளவையும் சமாளிப்பவர்தான் நிரந்தர ஆசிரியர்களில் குறைவாக வாங்குகிறவர்.

2009 ஜூன் 1

அந்த 20,600 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சைத் தாண்ட முடியாது. ஐந்தாவது ஊதியக்குழுக் காலத்தில் இடைநிலை ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 4,500 ரூபாய். மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் அதேதான். ஆறாவது ஊதியக்குழு வந்தபோது மத்திய அரசு தன் ஆசிரியரை மேலே ஏற்றியது. தமிழ்நாடு தன் இடைநிலை ஆசிரியரை 5,200 ரூபாயில் தொடங்கும் அட்டவணையில், 2,800 தர ஊதியத்தோடு (பதவியின் படிநிலைக்காக அடிப்படையோடு சேர்க்கும் தொகை) வைத்தது.

ஏற்கெனவே பணியில் இருந்தவர்களைக் குறைக்க முடியாதே. அவர்களுக்குப் பழைய 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நேராக 5,200. தர ஊதியத்தைச் சேர்த்தால் முன்னவருக்கு 11,170, பின்னவருக்கு 8,000. வித்தியாசம் 3,170 ரூபாய். மே மாதம் ஆணை வாங்கியவருக்கும் ஜூனில் வாங்கியவருக்கும் படிப்பு ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று, பிள்ளைகளும் ஒன்று. சம்பளம் மட்டும் இரண்டு.

ஏழாவது ஊதியக்குழு வந்தபோது இரண்டு தொகையையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். 8,000 பெருகி 20,600 ஆனது. 11,170 பெருகி 28,700-ஐத் தாண்டியது. 3,170 ரூபாய்ப் பள்ளம் எட்டாயிரமாக ஆழமானது. இப்போது அகவிலைப்படியையும் சேர்த்தால் மாதம் தோராயமாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று இந்த ஆசிரியர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித்துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்ததைச் செய்தியில் பார்த்து, "இன்னும் எவ்வளவுதான் கேட்பார்கள்" என்று சலித்துக்கொண்டவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு அல்ல, பக்கத்து நாற்காலிக்குக் கொடுப்பதைத்தான்.

கேந்திரிய வித்யாலயாவும் களியக்காவிளைக்கு அப்பாலும்

நாகர்கோவிலில் மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. அங்கிருந்து சற்றுத் தள்ளி மாநில அரசுப் பள்ளியில் அதே ஐந்தாம் வகுப்புக்கு 20,600. அகவிலைப்படி விகிதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இந்த ஒப்பீட்டில் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

கேரள ஒப்பீடு கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு 35,600, உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு 41,300 என்று தொடக்கம். உடனே "பாத்தியளா, கேரளாவில் எவ்வளவு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கேரளத்தின் அட்டவணை 2019 ஜூலையை வைத்துப் போட்டது. அதுவரை ஏறிய அகவிலைப்படி அதற்குள்ளேயே கரைந்துவிட்டது. அதன் பிறகு வர வேண்டிய அகவிலைப்படியும் அங்கே நிலுவை நிலுவையாக இழுத்தது. ஆகவே மொத்தத் தொகையைத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2025-இல் பட்டதாரி ஆசிரியருக்குத் தமிழ்நாடுதான் மேல். இடைநிலை ஆசிரியருக்கு, அகவிலைப்படி எதுவும் சேர்க்காமலேயே, கேரளம் மேல். எல்லைக்கு இந்தப் பக்கம் பெரிய வகுப்பு சாருக்கு லாபம், சின்ன வகுப்பு டீச்சருக்கு நஷ்டம்.

மெட்ரிக் பள்ளி

அரசுச் சம்பளம் அதிகம் என்பவர்களின் பெரிய ஆயுதம் இதுதான். தக்கலை, கருங்கல், திங்கள்சந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் சின்ன மெட்ரிக் பள்ளிகளில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று பேசித்தான் சேர்க்கிறார்கள். பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கூடுதலாகக் கிடைக்கும். வேலையோ காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் பஸ் டியூட்டி, சனிக்கிழமை மீட்டிங், ஏப்ரல் மே மாதங்களில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் கேட்பது என்று நீளும். "அவர்கள் பத்தாயிரத்துக்குச் செய்யும்போது இவர்களுக்கு ஏன் ஐம்பதாயிரம்?" கேட்பவருக்கு நியாயமாகத்தான் தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்தாயிரம் வேலையின் மதிப்பைப் பார்த்து வைத்த விலை அல்ல. வாசலில் இன்னும் நாலு பேர் பி.எட். சான்றிதழோடு நிற்பதைப் பார்த்து வைத்த விலை. நம் ஊரில் கொத்தனார் வேலைக்குப் போகிறவர் பத்துப் பதினைந்து நாளில் அதைச் சம்பாதித்துவிடுவார். குறைந்த கூலியைக் காட்டி நல்ல கூலியைக் குற்றம் சொல்வதைவிட, அந்தக் குறைந்த கூலி ஏன் அப்படியே கிடக்கிறது என்று கேட்கலாம். தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்ற 2009 சட்டத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகும்போது அதை வாய்விட்டுக் கேட்டு வாங்கிய டீச்சரை எனக்குத் தெரிந்த வட்டத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியரே தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கிறாரே என்ற பேச்சும் இதோடு வரும். சேர்க்கிறார்தான். பள்ளியின் தரத்தைப் பற்றிய அந்தச் சண்டையைச் சம்பளக் கணக்கில் கலந்தால் இரண்டும் குழம்பும்.

உதவிபெறும் பள்ளி

குமரி மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது மேனேஜ்மென்ட் ஸ்கூல்கள், அதாவது தனியார் நிர்வாகம் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள். 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து மிஷனும் சபைகளும் ஊரூராகப் பள்ளி கட்டின. 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய், மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று, அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கட்டளையிட்டார். பள்ளியை நடத்துபவர் ஒருவர், சம்பளத்தைக் கொடுப்பது அரசு என்ற ஏற்பாட்டை இந்த இரண்டு மரபும் சேர்ந்த வடிவம் என்று சொல்லலாம்.

காகிதத்தில் இங்கே சம்பளம் அரசுப் பள்ளிக்குச் சமம். நடைமுறையில் இரண்டு ஓட்டைகள். நியமனம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால் 'டொனேஷன்' என்ற பேச்சு அடிபடாத இடம் அபூர்வம். எல்லாரும் வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கிக் கொடுத்து உள்ளே போனவருக்கு முதல் சில ஆண்டுச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகும். இரண்டாவது ஓட்டை அப்ரூவல். கல்வித்துறை நியமனத்தை ஏற்று ஆணை தரும்வரை அரசுச் சம்பளம் வராது. உபரி ஆசிரியர், தகுதித் தேர்வு, நீதிமன்ற வழக்கு என்று அது ஆண்டுக்கணக்கில் இழுத்த கதைகள் உண்டு. சொந்த ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்ற லாபமும் இருக்கத்தான் செய்கிறது. அரசுப் பணியில் தேர்வானவருக்கு முதல் போஸ்டிங் வட மாவட்டங்களில் விழுந்து, டிரான்ஸ்ஃபர் கவுன்சலிங்குக்காக வருடக்கணக்கில் காத்திருப்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். இரண்டு வீட்டு வாடகை, ரயில் டிக்கெட், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது எல்லாம் சம்பளப் பட்டியலில் தெரியாது.

12,500 ரூபாய்க்காரர்கள்

2012-இல் தமிழ்நாடு முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை என்று பாடங்கள். 2025-இல் 12,500. வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் வேலை என்பதால் வகுத்துப் பார்த்தால் அரைநாளுக்கு ஆயிரம் ரூபாய் வருகிறது. அது மோசமில்லை என்று ஒருவர் வாதாடலாம். நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் மீதி அரைநாட்களுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? 2025 வரை மே மாதம் சம்பளமே கிடையாது. ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டி, கணினியில் விவரம் ஏற்றுவது என்று முழுநாளும் அழைத்தால் மறுக்கவும் முடியாது. பத்தாண்டுக்கு மேல் இப்படி வைத்திருப்பதைப் பகுதிநேரம் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

காலியிடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் நிரப்பும் தற்காலிக ஆசிரியர்களுக்கு 12,000, 15,000, 18,000 என்று மூன்று படி. முழுநாள் வேலை, முழுப் பாடம், அதே பொதுத்தேர்வுப் பொறுப்பு. பட்டதாரி ஆசிரியர் 56,000 வாங்கும் வகுப்பில் இவருக்கு 15,000. ஒரே வேலை செய்யும் தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் வேண்டும் என்று 2016 அக்டோபரில் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுப் பள்ளிச் சம்பளத்தில் அப்பட்டமான அநியாயம் என்று நான் விரல் நீட்டுவது இங்கேதான்.

லீவும் ஓய்வூதியமும்

"வருஷத்தில் பாதி நாள் லீவு" என்பது பழைய வசை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புக்கு 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். மற்ற அலுவலர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு என்றால் ஆசிரியருக்கு 17 நாள்தான். இடையில் வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் தலையில் விழும். இருந்தாலும் கோடை விடுமுறை பெரிய சலுகை என்பதை மறுக்க மாட்டேன். 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பும் உண்டு. பக்கத்து மெட்ரிக் பள்ளி டீச்சர் பல நேரம் வேலையை விட்டுவிட்டுத்தான் பிள்ளை பெறுகிறார்.

2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே வைக்கப்பட்டார்கள். மாதா மாதம் 10 சதவீதம் பிடித்தம். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாமல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டிய நிலை. நாற்பத்தைந்து வயதில் டியூஷன் சென்டர் தேடுகிறவர்களைப் பார்க்க முடிகிறது.

இப்போது ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்துவிட்டு யோசிக்கும் இருபது வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டால், அதோடு நிற்காமல் டிகிரியும் பி.எட்.டும் முடி என்பேன். அந்த 15,800 ரூபாய் இடைவெளிக்குப் பிறகு வேறு விளக்கம் தேவையில்லை. கேந்திரிய வித்யாலயா அறிவிப்பு வந்தால் விடாமல் எழுது, அங்கே தொடக்கப் பள்ளி வேலைக்கே பட்டதாரி அளவு சம்பளம். உதவிபெறும் பள்ளியில் இடம் வந்தால் அந்தப் பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, அதில் முன்பு இருந்தவருக்கு அரசுச் சம்பளம் வந்ததா என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பேசு. தற்காலிகப் பணி கிடைத்தால் ஒரு வருஷம் அனுபவத்துக்குப் போகலாம். இரண்டாவது வருஷமும் அதே இடத்தில் இருந்தால் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்காது.