பழைய மர ஜன்னலை மாற்றும்போது: தேக்கு, அலுமினியம், யுபிவிசி

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பகுதி, எண்பதுகளில் கட்டிய வீடு, மர நிலையிலேயே கம்பி பதித்த ஜன்னல்கள். ஐப்பசி மழைக்குக் கதவு ஊதிப் பிடித்துக்கொள்ளும், பங்குனியில் சுருங்கி இடைவெளி விடும். இப்படிப்பட்ட வீட்டுக்கு என் ஓட்டு யுபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் சட்டத்துக்கு, அதிலும் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடிங் வேண்டாம், வெளிப்பக்கம் திறக்கும் வகைதான். நான் போட்டதும் அதுவே என்பதால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு படிக்கவும்.

மாற்றுவதற்கு முன்னால் மரத்தைச் சோதியுங்கள். நிலையின் கீழ் மூலைகளில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் உளுத்துவிட்டது. தட்டினால் பொள்ளென்று கேட்டால் கரையான். இரண்டும் இல்லாத பழைய தேக்கு என்றால் அதைப் பிடுங்குவது பாவம். ஆசாரியை வைத்துக் கதவின் அடிச்சட்டத்தை மட்டும் மாற்றி, துரு ஏறிய கீல்களுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் போட்டு, கதவு படியும் இடத்தில் ரப்பர் பீடிங் ஒட்டினால் இன்னும் பல வருஷம் ஓடும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்டோ வார்னிஷோ அடித்தாக வேண்டும், அதுதான் அதன் வாடகை. வேறு ஏதோ நாட்டு மரம், அதுவும் உளுத்தது என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடலாம்.

அலுமினியத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தெருவுக்கு ஒரு ஃபேப்ரிகேட்டர் இருக்கிறார். ரோலர் தேய்ந்தால், லாக் உடைந்தால் அன்றைக்கே ஆள் வந்து மாற்றிக் கொடுப்பார். எட்டடி, பத்தடி அகலத் திறப்புக்கும் மெல்லிய சட்டத்துக்கும் அதுதான் சரி. ஆனால் கடல் காற்றில் அதன் பலவீனம் மூலைகளில் தெரியும். பொடியாகத் தூவிச் சூட்டில் இறுக்கும் பெயிண்டான பவுடர் கோட்டிங் மேல்பரப்பைக் காக்கும். சட்டத்தை அறுத்த முனையும் ஸ்க்ரூ துளையும் கோட்டிங் இல்லாத வெற்று உலோகம். உப்பு அங்கேதான் நுழையும். கோட்டிங் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அடியில் வெள்ளைப் பொடி தட்டும். போதாக்குறைக்குச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால், இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்து அரிப்பு இன்னும் வேகமாகும். அலுமினியம்தான் என்று முடிவு செய்தால், கோட்டிங் தடிமன் குறைந்தது 60 மைக்ரான், ஸ்க்ரூ எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஈரச் சிமெண்டும் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும், பூச்சு வேலை முடியும்வரை மேலே ஒட்டி வரும் டேப்பைப் பிரிக்க விடாதீர்கள்.

யுபிவிசிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. மூலைகளை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் புக இணைப்பும் கிடையாது. ஆனால் அந்த பிளாஸ்டிக் தன்னால் நிற்காது, உள்ளே ஜிங்க் பூசிய இரும்புச் சட்டம் இருக்க வேண்டும். மலிவு வேலையில் முதலில் காணாமல் போவது இதுதான். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். நிலையிலும் கதவிலும் நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. வெள்ளை நிறமே நம் வெயிலுக்கு நல்லது. அடர் நிறம் அதிகம் சூடேறும், அதிகம் நீளும். நம்மூரில் இது பரவலானதே கடந்த இருபது ஆண்டுகளில்தான், எனவே நாற்பது ஐம்பது வருஷம் உழைக்கும் என்ற விற்பனைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

பொருள் எது என்பதைவிடப் பெரிய கேள்வி, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பது. பராமரிப்புத் தொல்லை முக்காலும் இங்கிருந்துதான் வருகிறது. ஸ்லைடிங் ஜன்னலில் கதவு நகர வேண்டுமானால் இடைவெளி வேண்டும், அங்கே பைல் என்று சொல்லும், பிரஷ் மாதிரியான மென்முடிப் பட்டைதான் அடைப்பு. அது தூசியைத் தடுக்கும், சாய்ந்து அடிக்கும் மழையைத் தடுக்காது. உள்ளே வரும் தண்ணீர் டிராக்கில் நின்று, சிறு துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. காற்று பலமாக வீசும்போது அந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. மணிக்கு 60 கி.மீ. காற்று தரும் அழுத்தம் சுமார் 17 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி நிறுத்தும். 100 கி.மீ. என்றால் கிட்டத்தட்ட 47 மி.மீ. டிராக்கின் உள் விளிம்பு அதைவிடக் குள்ளமாக இருந்தால், தண்ணீர் வெளியே வடியாமல் விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் காற்று 100 கி.மீ.யைத் தாண்டியது. வடகிழக்குப் பருவமழைக்கு முகம் காட்டும் வடக்கு, கிழக்கு ஜன்னல்களுக்குப் புயல்கூடத் தேவையில்லை.

அதோடு அந்தத் துளைகள் சும்மா இருப்பதில்லை. பொருத்தும்போது விழுந்த துரப்பணத் தூள், பெயிண்ட் சொட்டு, பிறகு தெருப் புழுதி என்று அடைத்துக்கொள்ளும். புழுதியும் தண்ணீரும் சேர்ந்த சேறு ரோலரில் ஏறி, கதவு கரகரவென்று இழுபடும். ஸ்லைடிங் வைத்திருப்பவர்கள் செப்டம்பரில் ஒருமுறை டிராக்கைத் துடைத்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். சில நொடிகளில் வெளிப்பக்கம் வடியவில்லை என்றால் மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி விடுங்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவில் இந்தக் கதையே வேறு. கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு மூன்று இடத்தில் பூட்டு விழுந்து, கதவு ரப்பர் மேல் சுற்றிலும் அழுந்துகிறது. சத்தமும் குறையும். முழுத் திறப்பும் கிடைக்கும், ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். மத்தியானக் கடல் காற்றை நம்பி வாழும் வீட்டில் அந்தப் பாதி சின்ன விஷயமல்ல. பராமரிப்பு என்று பார்த்தால் கீலுக்குப் பதிலாக வரும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டேயின் ஸ்க்ரூவை அவ்வப்போது இறுக்குவதும், ரப்பரைத் துடைப்பதும்தான். அந்த ஸ்டே 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கதவு ஒன்றின் அகலம் இரண்டடியைத் தாண்டாமல் பிரித்துக்கொள்ளுங்கள், அகலமான கதவு தன் எடையாலேயே தொங்கி, பூட்டு சேராமல் போகும்.

இதற்குக் கொடுக்கும் விலை கிரில்லும் கொசுவலையும். பழைய நிலையை எடுத்தால் அதில் பதித்த கம்பியும் போய்விடும், புது கிரில் தனிச் செலவு. கதவு வெளியே திறப்பதால் கிரில் உள்ளே வரும், கைப்பிடி இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத்தான் திறக்க வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஜன்னலை வெளி விளிம்பை ஒட்டி, நாலு அங்குலம் தள்ளி கிரில், உள் விளிம்பில் கொசுவலை என்று அடுக்கிவிடலாம். நாலரை அங்குலச் சுவரில் இந்த மூன்றும் அடங்காது, அங்கே கிரில்லை வெளியே போட்டு ஸ்லைடிங் வைப்பதே நடைமுறை. மாடி ஜன்னலில் கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமானால் கிரில்லில் ஒரு பகுதியைக் கீல் வைத்துப் பூட்டும்படி செய்யச் சொல்லுங்கள்.

பொருத்தும் வேலையில் காசு மிச்சம் பிடிக்க, பழைய நிலையை விட்டுவிட்டு அதற்குள்ளேயே புதியதைப் போடலாம் என்பார்கள். வெளிச்சம் குறையும், கரையான் உள்ளேயே இருக்கும். நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டையான ஹோல்ட்ஃபாஸ்ட்டை அறுத்து நிலையை எடுத்து, கொத்தனாரை வைத்துப் பூசி, அது காய்ந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததில் 10 மி.மீ. கழிக்க வேண்டும். யுபிவிசி வெயிலில் நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி ஏற்றத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும், இடைவெளி விடாமல் இறுக்கினால் சட்டம் வளைந்து கதவு பிடிக்கும். அந்த இடைவெளியை ஃபோமால் நிரப்பி, வெளியே சிலிகானால் மூட வேண்டும். ஃபோமை வெயில் படும்படி விட்டால் பொடிந்துவிடும். சிலிகான் ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது சிமெண்ட் பூச்சில் சரியாக ஒட்டாத வகை, நியூட்ரல் வகைதான் வேண்டும். ஜன்னலுக்கு அடியில் உள்ள கிரானைட் பலகை வெளிப்பக்கம் சாய்வாக இருக்கட்டும், அதன் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்ட ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். அது இல்லாத ஜன்னலுக்குக் கீழேதான் சுவர் ஓதம் காத்துப் பெயிண்ட் உரியும்.

கண்ணாடியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. அறை கொதிப்பது பெரும்பாலும் கண்ணாடி வழியாக நேராக விழும் வெயிலால், சட்டத்தை மாற்றினால் அது குறையாது. மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேட்டோ மூங்கில் தட்டியோ செய்யும் உதவியை, ஏசி இல்லாத அறையில் இரட்டைக் கண்ணாடி செய்யாது.

ஒப்பந்தக்காரர் சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும்போது, உடைப்பு, பூச்சு, கிரில், வலை, கிரானைட் ஆகியவை அதில் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எடுத்துப்போகும் பழைய தேக்கை அவரிடம் சும்மா கொடுக்காதீர்கள், பழைய மரக் கடையில் அதற்கு நல்ல விலை கிடைக்கும்.