யார் முதலில் அனுப்பியது? வதந்தியைத் தடுக்க நான்கு வழிகள்

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் 65 வயதுப் பெண் ஒருவரை ஊர் கூடி அடித்துக் கொன்றது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில், குடும்பத்தோடு வந்த அவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தி அதற்குள் போன் போனாகப் பரவியிருந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்து ராயின்பாடாவில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார்கள்.

அதன் பிறகு சூடுபிடித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு பக்கம் ‘உயிர் முக்கியமா, அந்தரங்கம் முக்கியமா?’ என்கிறார்கள். மறுபக்கம் ‘என்கிரிப்ஷனில் கை வைத்தால் சுதந்திரமே போச்சு’ என்கிறார்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும், நிறுவனமும்கூட, படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவதுதான் என்கிரிப்ஷன். இரண்டு தரப்பும் ஏதோ ஒரே ஒரு வழிதான் இருப்பதுபோலப் பேசுகின்றன. உண்மையில் முன்வைக்கப்பட்டவை நான்கு வழிகள். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். அத்திமூரில் இது என்ன செய்திருக்கும்? இதற்காக, குற்றமே செய்யாத எத்தனை பேர் எதை இழக்க வேண்டும்?

மூலத்தைத் தேடிப் போவது

அரசுக்குப் பிடித்த வழி இது. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடி, தண்டனை கொடு, அடுத்தவர் பயப்படுவார். இந்த யோசனை தொழில்நுட்ப வடிவம் பெற்றது நம் சென்னையில்தான். இணையத்தில் நடக்கும் அவதூறையும் மிரட்டலையும் தடுக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. ஆதார் யோசனையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வழக்கு, செய்தியின் மூலத்தைக் கண்டறிய முடியுமா என்ற கேள்விக்கு நகர்ந்தது.

அப்போது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, பிற்பாடு அதன் இயக்குநரானவர், முடியும் என்று ஒரு திட்டம் கொடுத்தார். செய்தியை எழுதுகிறவர், அதை மற்றவர்கள் ஃபார்வர்ட் செய்யலாமா கூடாதா என்று குறிக்க வேண்டும். செய்யலாம் என்றால் அவருடைய அடையாளம் செய்தியோடு ஒட்டிக்கொண்டே போகும். கூடாது என்று குறித்ததை ஒருவர் மீறி அனுப்பினால், அந்தச் சங்கிலிக்கு அவரே மூலம். அந்த அடையாளம் எல்லோர் கண்ணுக்கும் தெரியலாம், அல்லது பூட்டி வைத்து, சாவியை நிறுவனத்திடம் கொடுத்து, நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கலாம். செய்தியின் உள்ளடக்கத்தைத் தொடாமல் பொறுப்பை மட்டும் ஏற்படுத்தப் பார்த்த யோசனை இது. போகிற போக்கில் தள்ளிவிட முடியாது.

மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்து ஓர் அறிக்கை கொடுத்தார். தெரிந்தே குற்றம் செய்கிறவர் செயலியை மாற்றி அமைத்து வேறொருவர் அடையாளத்தை ஒட்டலாம், வெளிநாட்டு எண்ணில் இருந்து அனுப்பலாம், வேறு செயலிக்கே போய்விடலாம். மாட்டப்போவது இதெல்லாம் தெரியாத சாதாரண ஆள்தான்.

2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021 பிப்ரவரி 25 அன்று தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியாகின. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள மெசேஜிங் சேவைகள், ஆணை வந்தால், இந்தியாவில் அந்தச் செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்ட வேண்டும் என்றது விதி. கட்டுப்பாடுகளும் அதிலேயே இருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்கள் போன்ற, ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான். உள்ளடக்கத்தைக் கேட்கக் கூடாது. தலையீடு குறைவான வேறு வழி இருந்தால் ஆணையே கூடாது. வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என்கிரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் சேவையே இருக்காது என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

காகிதத்தில் கட்டுப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். நாளைக்கு எந்தச் செய்தியைப் பற்றிக் கேட்பார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருடைய எல்லாச் செய்திக்கும் ஓர் அடையாளத்தை இன்றே சேர்த்துவைக்க வேண்டும். ஆணை ஒருவர் மீது வந்தாலும், ஏற்பாடு கோடிக்கணக்கானவர்கள் மீது செய்யப்பட்டாக வேண்டும். செய்திக்கு ஹேஷ் எண் ஒன்றை, அதாவது அதன் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற எண்ணை, கொடுத்துவிட்டால் போதுமே என்றும் ஒரு யோசனை வந்தது. ஓர் எழுத்தை மாற்றினாலே அந்த எண் மாறிவிடும். செய்தியை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் சங்கிலி அங்கேயே அறுந்து, நகலெடுத்தவர் மூலமாகிவிடுவார்.

2018-ல் இந்தியாவில் சுற்றிய பிள்ளைக் கடத்தல் வீடியோக்களில் ஒன்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கராச்சியில், குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம் அது. கடத்திய ஆள் குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு, விழிப்புணர்வு அட்டையைக் காட்டுகிற கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். எடுத்தவர் குற்றவாளி இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் யார் வெட்டினாலும் சட்டம் எட்டாது. விதிப்படி இந்தியாவில் முதலில் அனுப்பியவர்தான் ‘மூலம்’. அவர் தன் பிள்ளையை நினைத்துப் பயந்து உறவினர் குழுவில் போட்ட ஒரு தாயாகவும் இருக்கலாம். அத்திமூரில் அடித்த கைகள் எல்லாம் நேரில் இருந்தவை. அந்தக் கைகளைக் கண்டுபிடிக்க வாட்ஸ்அப் தேவைப்படவில்லை.

சாவி நிறுவனத்திடம் பத்திரமாக இருக்கும் என்பதையும் நான் நம்பவில்லை. கிரீஸில் 2004–05-ல் வோடஃபோன் வலையமைப்பில் சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காக வைத்திருந்த வசதியையே யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் பேச்சைக் கேட்டார்கள். 2024-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஹேக்கர்கள் நுழைந்தது தெரிந்தபோது, சட்டபூர்வ ஒட்டுக்கேட்பு அமைப்புகளும் அதில் சிக்கியிருந்தன. அதன் பிறகு அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அதிகாரிகளே, என்கிரிப்ஷன் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் பரவும்போது, முதலில் வெளியே விட்டவர் யார் என்பதுதான் முழு வழக்கும். அங்கே இந்த வழிக்கு உண்மையான பயன் இருக்கிறது. போலீஸ் இதைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அத்தகைய வழக்குகள் பலவற்றில் படம் யாரிடம் இருந்திருக்க முடியும் என்று பாதிக்கப்பட்டவருக்கே தெரியும். நான்காவது வழி அங்கே உதவுகிறது.

போனுக்குள்ளேயே சோதிப்பது

இரண்டாவது வழி, செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே போனில் வைத்துச் சோதித்துவிடுவது. ஆப்பிள் 2021 ஆகஸ்டில் இதை அறிவித்தது. ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடுக்குப் போகும் படங்களைப் போனே, ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களின் பட்டியலோடு ஹேஷ் எண் வழியாக ஒப்பிடும். சுமார் 30 படங்கள் பொருந்தினால்தான் மனிதர்கள் பார்ப்பார்கள். நோக்கம் மிகச் சரியானது, வடிவமைப்பிலும் கவனம் தெரிந்தது. ஆனாலும் சில வாரங்களுக்குள் ஆய்வாளர்கள், கொஞ்சமும் சம்பந்தமில்லாத இரண்டு படங்களுக்கு ஒரே ஹேஷ் வரவைத்துக் காட்டினார்கள். செப்டம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்த ஆப்பிள், 2022 டிசம்பரில் கைவிட்டது. ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் முன்வைத்த சட்ட வரைவும், பிரிட்டனின் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய இதே திசையில் போகின்றன.

வதந்திக்கு இது உதவவே உதவாது. பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைத்தான் ஒப்பிட முடியும், வதந்தியோ அன்றன்றைக்குப் புதிது. புதியதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் இயந்திரம் ஊகிக்க வேண்டும். ஊகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அப்பாவின் அனுபவம் சாட்சி. மருத்துவமனையில் கேட்டார்கள் என்று, நோயுற்ற குழந்தையின் உடலைப் படமெடுத்தார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை மீதான பாலியல் வன்முறைப் படம் என்றது. சான் பிரான்சிஸ்கோ போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்றது. கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை. அவருடைய மின்னஞ்சல், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் போயின.

பட்டியலைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. இன்று குழந்தைகளின் பெயரால் அமையும் பட்டியலில் நாளை ஒரு கேலிச்சித்திரத்தைச் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. நான்கில் நான் முழுமையாக எதிர்ப்பது இதைத்தான்.

வேகத்தைக் குறைப்பது

இதைப் பற்றி இணையத்தில் யாரும் சண்டை போடுவதில்லை, ஆனால் நடந்ததில் மிகப் பெரிய மாற்றம் இதுதான். கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. படம், வீடியோ பக்கத்தில் இருந்த வேக ஃபார்வர்ட் பொத்தானை எடுத்தது. ‘ஃபார்வர்ட் செய்யப்பட்டது’ என்ற குறி வந்தது. 2019 ஜனவரியில் ஐந்து என்ற வரம்பு உலகம் முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அத்தகைய செய்திகளின் ஃபார்வர்ட் 70 சதவீதம் குறைந்தது என்பது நிறுவனமே சொன்ன கணக்கு.

இதில் எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை நடக்கும் விதம். எத்தனை முறை கைமாறியது என்ற கணக்கு, செய்தியோடு சேர்ந்து பூட்டுக்குள்ளேயே பயணிக்கிறது. எத்தனை கை என்று போனுக்குத் தெரியும், யார் கை என்று நிறுவனத்துக்குக்கூடத் தெரியாது. ஒருவரையும் வேவு பார்க்காமல் எல்லோரையும் ஒரு நிமிடம் தாமதப்படுத்துகிறது. அத்திமூரில் பயம் பல நாட்களாகப் போன்களில் ஊறியிருந்தது. அந்த நாட்களில் கலெக்டரோ, போலீஸோ, ஊர்ப் பெரியவர்களோ ‘இது பொய்’ என்று சொல்ல அவகாசம் கிடைத்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கலாம். நான்கு வழிகளில் நடக்கப்போவதைத் தடுக்கிற வாய்ப்பு இதற்கு மட்டுமே உண்டு. மற்றவற்றில் இரண்டாவது வதந்திக்கே உதவாது, முதலும் நான்காவதும் கொலைக்குப் பிறகு வேலை செய்பவை.

குறை இல்லாமல் இல்லை. பொய்யோடு உண்மையும் மெதுவாகப் போகும், வெள்ள எச்சரிக்கைக்கும் அதே ஐந்துதான். பெரிய குழுக்களும் சேனல்களும் வந்தபின் இந்த வரம்புகளின் பிடி தளர்கிறது. அப்புறம், இவை நிறுவனம் தானாக வைத்தவை, நாளை தானாகவே எடுத்துவிடலாம். அரசு சட்டம் போட விரும்பினால், போட வேண்டிய இடம் இது.

சந்தேக நபரை மட்டும் பிடிப்பது

நான்காவது பழைய போலீஸ் வேலை. புகார் வந்தால், பெற்றவரின் போனில் இருந்து கொடுத்தவரின் எண்ணுக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு என்று பின்னோக்கிப் போவது. மெதுவான வேலை, ஆனால் ஊரையே கண்காணிக்கத் தேவையில்லை. பெரிய குற்றக் கும்பல்களிடமும் இது பலித்திருக்கிறது. கடத்தல்காரர்கள் நம்பிப் பயன்படுத்திய என்க்ரோசாட் என்ற ரகசிய மெசேஜிங் சேவைக்குள் பிரெஞ்சு, டச்சுப் போலீஸார் 2020-ல் நுழைந்தார்கள். குற்றக் கும்பல்கள் பாதுகாப்பானது என்று நம்பிய ஆனோம் என்ற மெசேஜிங் செயலியை எஃப்.பி.ஐ.யே ரகசியமாக நடத்தி, 2021 ஜூனில் பல நாடுகளில் 800-க்கும் மேற்பட்டவர்களைப் பிடிக்க வைத்தது. உலகின் என்கிரிப்ஷனை உடைக்காமலே நடந்தவை இவை.

இதிலும் பயம் உண்டு. போனுக்குள் ரகசியமாக நுழையும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு சொன்னதாக நீதிமன்றமே தெரிவித்தது. ஒரு போனைத் திறக்கும் அதிகாரத்தைக் கேள்வி இல்லாமல் கொடுத்தால், ஒருவர் மீது என்பது மெல்ல யார் மீதும் என்றாகிவிடும்.

அப்படி இருந்தும் என் தேர்வு மூன்றும் நான்கும் சேர்ந்ததுதான். அதற்கு ஒரு நிபந்தனை வைப்பேன். இன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ம் பிரிவில் தகவலை இடைமறிக்க ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் செயலாளர்களே இருக்கிறார்கள். நீதிபதி எங்கும் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்த நாட்டில், ஒருவரின் போனைத் திறக்கச் சொல்லும் ஆணையில் ஒரு நீதிபதியின் கையெழுத்து இருக்க வேண்டும். ஏன் திறந்தோம் என்பதை விசாரணை முடிந்தபின் அந்த நபருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதோடு மாவட்டம்தோறும் சைபர் பிரிவுக்கு ஆளும், போன்களை ஆய்வு செய்யும் ஆய்வகமும் கொடுத்தால், போலீஸ் மூலத்தைக் காட்டு என்று நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டிய வழக்குகள் கணிசமாகக் குறையும்.